இடக்கையால் ஊட்டிய தாய்

மனித உடம்பிலிருந்து வெளியே வருவது எதுவும் ரோஷன் பீயை முகம் சுளிக்க வைத்ததில்லை. புருஷனுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து எச்சில், சளி, மலம், மூத்திரம் எல்லாவற்றையும் அவள் கையால்தான் துடைத்தாள். துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவி, உட்கார்ந்து சோறு தின்றாள். அவளுக்குக் குமட்ட ஆரம்பித்ததே அவருக்குப் பேச்சு திரும்பிய பிறகுதான்.

கவுஸ் பாஷா போர்டு எழுதுகிறவர். எண்பதுகளின் தொடக்கத்தில் தருமபுரி கடைத்தெருவில் அண்ணாந்து பார்த்தால் பாதிப் பலகைகளின் மூலையில் 'கவுஸ் ஆர்ட்ஸ்' என்று சாய்வெழுத்தில் இருக்கும். துணிக்கடையோ மாவு மில்லோ லாரியின் முதுகோ, வேலை முடிந்ததும் அந்தப் பெயரைத்தான் அவர் ரொம்பச் சிரத்தையாக எழுதுவார். நிறம் நிரப்புவதும் நிழல் போடுவதும் உருவம் வரைவதும் வீட்டில் ரோஷன் பீயின் வேலை. அவள் தகப்பனார் அதியமான்கோட்டையில் தகரப் பெட்டி செய்தவர். கல்யாணச் சீராகப் போகும் பெட்டிகளின் மூடியில் ரோஜாவும் கிளியும் போட்டுப் பழகிய கை அவளுடையது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தக் கைக்கு ஓய்வில்லை. பலகை வீட்டை விட்டுப் போகும்போது மூலையில் ஒரு பெயர்தான் இருக்கும். அதை அவள் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. தோசை சுட்டவள் தோசைமேல் பெயரா எழுதுகிறாள்?

1983 மழைக்காலத்தில் ஒருநாள் காலை கவுஸ் பாஷா கட்டிலை விட்டு எழவில்லை. வலது கை, வலது கால், பாதி வாய் எல்லாம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எப்படிப் புரட்டிப் போடுவது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, புரையேறாமல் கஞ்சியை எப்படிக் கொடுப்பது என்று வார்டு நர்ஸ் ஒருமுறை செய்து காட்டினார். ரோஷன் பீக்கு இரண்டாவது முறை காட்ட வேண்டியிருக்கவில்லை.

அங்கேதான் எதிர் வராந்தாவில் மாதம்மாளைப் பார்த்தாள். சித்தேரி மலையிலிருந்து பஸ் மாறி வந்தவள். மடியில் வயிற்றுப்போக்கில் துவண்டுபோன ஆண்குழந்தை, பெயர் தீர்த்தன். உப்பும் சர்க்கரையும் கலந்து ஆற்றிய தண்ணீரை டம்ளரில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை துப்பும். அவள் திட்டவும் மாட்டாள், அழவும் மாட்டாள். வாயைத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து அடுத்த கரண்டியைக் கொண்டுபோவாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருத்தி இப்படி வேலையாக இருந்தது ரோஷன் பீக்குப் பிடித்திருந்தது. மருந்து வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் முதுகில் பென்சிலால் வரைந்தாள். இடது முழங்கையில் குழந்தையின் தலை, வலது கையில் கரண்டி, பக்கத்தில் டம்ளர். ஒற்றைக்கல் மூக்குத்தியையும் கன்னத்து மச்சத்தையும் விடவில்லை.

நர்ஸ் அதைப் பார்த்துவிட்டார்.

"இதைச் சுவத்துல போட்டுக் குடும்மா. நாங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறதை இது ஒரே பார்வையில சொல்லிடும்."

தீர்த்தன் பிழைத்து மலையேறினான். கவுஸ் பாஷா படுத்த படுக்கையாகவே வீடு வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஷன் பீ ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வெளிச்சுவரில் தாயையும் பிள்ளையையும் ஆளுயரத்துக்கு வரைந்தாள். வரைந்து முடித்துக் கை பழக்கத்தில் மூலையில் 'கவுஸ் ஆர்ட்ஸ்' என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கீழே இறங்கி நின்று பார்த்தபோதுதான் முதல்முறையாக அந்த எழுத்து உறுத்தியது. துணிக்கடைப் பலகையில் உறுத்தவில்லை. இது அப்படி இல்லை. எங்கேயோ பார்த்த போஸ்டரை வைத்து வரைந்ததல்ல. அவள் கண் பார்த்தது, அவள் மனசுக்குப் பிடித்தது. இதன் கீழே தன் பெயர் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றியது போகவும் இல்லை.

வீட்டில் கேட்டும் பார்த்தாள்.

"பொம்பளை பேரைச் சுவத்துல எழுதுவாங்களா?" என்றார் கவுஸ் பாஷா. வாய் அப்போது ஓரளவு திருந்தியிருந்தது. "அதுவும் கண்டவன் ஒண்ணுக்கு அடிக்கிற சுவத்துல. சொந்தக்காரங்க காறித் துப்புவாங்க."

"உங்க பேருமேலயும்தான் ஒண்ணுக்கு அடிக்கிறாங்க."

"அது ஆம்பளை பேரு. தாங்கும்."

படத்தை ஊரே பேசியது. பார்க்க வந்தவர்களெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து, "படுத்த படுக்கையா இருந்துகிட்டு எப்படிங்க பாய் இதை வரைஞ்சீங்க?" என்று கேட்டார்கள். கவுஸ் பாஷா இடது கையால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

"கை அவளுது. மூளை என்னுது. நான் சொல்லச் சொல்ல அவ இழுத்தா."

ஆஸ்பத்திரியில் மாதம்மாள் உட்கார்ந்திருந்த பக்கம் அவர் தலையைத் திருப்பக்கூட முடியாமல் கிடந்தவர். ரோஷன் பீ டீயை வைத்துவிட்டு உள்ளே போவாள். அவருக்குப் படுக்கையில் வைக்கிற மலப் பீங்கானைக் கழுவும் சத்தம் சற்றுப் பலமாகக் கேட்கும். அவ்வளவுதான்.

அதே படம் வேறு இடங்களுக்கும் வேண்டும் என்று சுகாதார அலுவலகத்தில் கேட்டார்கள். ஒவ்வொரு சுவரிலும் புதிதாக வரைந்துகொண்டிருக்க முடியாது என்பதால் அச்சு வெட்டினாள். போர்டு எழுதுகிறவர்கள் அச்சுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிமைத்தான் எடுப்பார்கள். மழைக்கு ஊறாது, வெயிலுக்குச் சுருளாது, பிளேடுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. கவுஸ் பாஷாவின் மண்டை, மார்பு என்று எடுத்ததெல்லாம் உறை உறையாகக் கிடந்தது. ஒட்டி ஒன்றாக்கி, தாயின் மார்பும் பிள்ளையின் தலையும் வரும் இடத்துக்கு அவருடைய மார்புப் படத்தை வைத்து வெட்டினாள். சுவரில் பிலிமை வைத்துப் பஞ்சுப் பொட்டலத்தால் சாயத்தை ஒற்றி எடுத்தால் வெட்டிய துளைகள் வழியே உருவம் விழும். பிறகு கையால் நிறம் நிரப்பினால் போதும். அதியமான்கோட்டையிலும் டவுனில் சில இடங்களிலும் அப்படித்தான் போட்டாள். எல்லாவற்றின் மூலையிலும் கவுஸ் ஆர்ட்ஸ். வேலை முடிந்ததும் பிலிமைத் துடைத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவாள்.

1986-ல் மலை ஊர்களுக்கும் படம் வேண்டும் என்று வந்தது. கவுஸ் பாஷா அவளை அனுப்பவில்லை. "மலைக்குப் பொம்பளை தனியாப் போறதா? நான் இங்க யாரைக் கூப்பிடறது?" என்று முடித்துவிட்டார். சில நாள் கழித்து அவள் கதவைச் சாத்தும்போது ஆணி வெறுமையாக இருந்தது.

"அச்சு எங்கீங்க?"

"மாரியப்பன் எடுத்துட்டுப் போயிருக்கான்."

மாரியப்பன் பஸ் ஸ்டாண்டு பக்கம் 'மாரி ஆர்ட்ஸ்' வைத்திருந்தவன். ஒரு காலத்தில் கவுஸ் பாஷாவுக்குச் சாயம் கலக்கிக் கொடுத்தவன். சமீபமாக அடிக்கடி வந்து, பன்னும் பீடிக்கட்டும் வைத்துவிட்டு, "இந்த ஜில்லாவுல பாய் கையி மாதிரி ஒரு கை கிடையாது" என்று அந்த விளங்காத கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எதற்குத் தடவினான் என்று இப்போது விளங்கியது.

"கேக்காம எடுத்தானா?"

"என்னைக் கேட்டான். நான் குடுத்தேன். அச்சுதானே? ஏணி கேட்டா குடுக்கறதில்லையா? தொழில்ல அதெல்லாம் வழக்கம்."

"ஏணி நீங்க வாங்கினது. இது நான் வரைஞ்சது."

"பெரிய வரைச்சல். நான் எத்தனை சினிமா போஸ்டரைப் பார்த்துப் போட்டிருக்கேன். எந்த நடிகன் வந்து கேட்டான்? காப்பியடிக்காத பெயிண்டர் எவன் இருக்கான்? நீ மட்டும் அந்த மலைக்காரிகிட்டக் கேட்டுகிட்டா அவ மூஞ்சியை வரைஞ்சே?"

அவர் பேசியதில் கடைசிக் கேள்வி மட்டும் அவளைத் தைத்தது. அவள் கேட்கவில்லைதான். அதை உள்ளே வாங்கிக்கொண்டாள். மற்றதெல்லாம் பீடி நாற்றம்போல அறையில் நின்றது. எழுத்து அச்சையும் சைக்கிள் பட அச்சையும் பெயிண்டர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது உண்மைதான். அந்த வழக்கத்தைக் காட்டி இதைக் கொடுத்துவிட்டார். அதுவும் எதற்கு? கையைத் தடவிவிட்டதற்கு. நேரமானதால் அவரைப் புரட்டிப் போட்டாள். முதுகுக்குப் பவுடர் போட்டாள்.

அந்த வருஷம் கோடை முடிவதற்குள் மாதம்மாள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் புளிமூட்டை, கையைப் பிடித்தபடி தீர்த்தன். நன்றாக நடந்தான், கொழுகொழுவென்று இல்லாவிட்டாலும் திடமாக இருந்தான்.

"பாயம்மா வூடு இதுதானுங்களா?"

ரோஷன் பீக்கு அடையாளம் தெரிய ஒரு கணம்கூட ஆகவில்லை. "உள்ள வா மாதம்மா."

"உள்ள வர்றதுக்கு வர்ல. ஆஸ்பத்திரியில எதிர்ல உக்காந்து எழுதிகிட்டே இருந்தியே, அன்னிக்கே நெனச்சேன், என்னாத்தையோ எழுதுதேன்னு. என்னைத்தான் எழுதினியா?"

"ஆமா."

"எழுதினே, சரி. எதுக்குப் பீச்சாங்கையில ஊட்டறாப்பல எழுதினே?"

ரோஷன் பீக்குப் புரியவில்லை. மாதம்மாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அடுக்கினாள். சித்தேரியில் ரேஷன் கடைச் சுவரில் படம் போட்டிருக்கிறார்கள். மூக்குத்தி அவளுடையது, காது அவளுடையது, உட்கார்ந்த உட்காரலே அவளுடையது. மச்சம் மட்டும் கன்னம் மாறியிருக்கிறது. கரண்டி இருப்பது இடது கையில்.

"ஊரே சிரிக்குது. 'மாதம்மா கால் கழுவற கையில புள்ளைக்கு ஊட்டுது'ன்னு. எம் மாமியா என் கையில சோறு வாங்க மாட்டேங்குது. அதைக்கூட வுடு. வவுத்தால போற புள்ளைங்களுக்கு அந்தத் தண்ணியைக் குடுங்கடீன்னா, 'அது பீச்சாங்கைத் தண்ணி, வேணாம்'ங்குதுங்க. அதைக் குடுத்துதான் இவன் பொழச்சான். போன வாரம் எவனோ சாணியைக் கரைச்சு எம் மூஞ்சியில அடிச்சிருக்கான். என் மூஞ்சியில."

ரோஷன் பீ சுவரைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மாரியப்பன் பிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறான். திருட்டு தெரியக் கூடாது என்று, வலம் பார்த்த தாயை இடம் பார்க்க வைத்திருக்கிறான். மூஞ்சி திரும்பினால் கையும் திரும்பும் என்று யோசிக்கிற அளவுக்குக்கூட அவனுக்குப் படத்தில் அக்கறை இல்லை. திருடினாலாவது ஒழுங்காகத் திருடியிருக்கலாம். மூன்று வருஷம் பீங்கான் எடுத்தபோது சுளிக்காத முகம் இப்போது சுளித்தது.

"கீழ யாரு பேரு எழுதியிருக்கு?"

"எனக்கா படிக்கத் தெரியும்? மாரி ஆர்ட்ஸ்னு வாத்தியார் சொன்னாரு."

விஷயம் சுகாதார அலுவலகத்துக்கும் எட்டியிருந்தது. மறுநாளே ஜீப் வந்தது. அதிகாரி வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். மாரியப்பனை முன்னமே பிடித்துக் கூட்டி வந்திருந்தார். புளி விற்றுவிட்டு அங்கேயே தங்கியிருந்த மாதம்மாள் தூணோரம் நின்றாள். கவுஸ் பாஷாவின் கட்டிலைக் கதவுவரை இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இந்தக் கண்றாவியை வரைஞ்சது யாரு?" என்றார் அதிகாரி.

மாரியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். "நான் வெறும் சாயம் ஒத்தினவன் சார். அச்சு பாயோடதுங்க."

"கீழ உம் பேரு போட்டிருக்கே."

"அது ஒரு விளம்பரத்துக்குங்க சார்."

அதிகாரி கட்டில் பக்கம் திரும்பினார். "என்ன பாய், ஆஸ்பத்திரிப் படம் நீங்க போட்டதுன்னு ஊரே சொல்லுது?"

கவுஸ் பாஷா இடது கையால் விளங்காத கையைத் தூக்கிக் காட்டினார். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்துக்கொண்டார்.

"சார், கை விழுந்து கிடக்கிறவன் நான். என்னால ஒரு கோடு இழுக்க முடியுமா? எல்லாம் இவதான் வரைஞ்சா. என்னை ஒரு வார்த்தை கேக்கல. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

இந்தச் சொல்லைக் கேட்க ரோஷன் பீ மூன்று வருஷம் காத்திருந்தாள். நாலு பேர் முன்னால், அவர் வாயாலேயே, 'இவதான் வரைஞ்சா' என்று வந்துவிட்டது. வந்த விதத்தைப் பார்த்தால், வாயில் ஊறிய கெட்ட சளியை அவள்மேல் துப்பியதுபோல இருந்தது. மெச்சினபோது மூளை அவருடையது. சாணி அடித்தபோது கை அவளுடையது. இவரைப் பார்ப்பதா, துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற அவனைப் பார்ப்பதா என்று தெரியாமல் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆமாங்க. நான்தான் வரைஞ்சேன். பேரு ரோஷன் பீ. ஆஸ்பத்திரியில இருக்கறது என்னுது. சித்தேரியில இருக்கறது என்னுது இல்லை."

"ரெண்டும் ஒரே படம்தானேம்மா?"

"மாரியப்பா, அச்சைக் கொண்டா."

அவன் ஜீப்பில் கிடந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். துடைக்காமல் வைத்திருந்ததால் சாயம் அடை அடையாகக் காய்ந்திருந்தது. அதுவும் அவளுக்கு எரிந்தது. பிலிமை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். தாய் வலது கையால் ஊட்டினாள். திருப்பிப் பிடித்தாள். தாய் இடது கையால் ஊட்டினாள்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "பின்னால வரி வரியா என்னம்மா?"

"விலா எலும்புங்க. இவரோடது."

மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. அவருக்கு அலுத்துவிட்டிருந்தது. "யார் வரைஞ்சா என்ன, யார் திருப்பினா என்ன. சுவத்தைச் சரி பண்ணிக் குடுங்க, போதும்" என்று எழுந்தார். இவ்வளவுதானா என்று ரோஷன் பீக்குத் தோன்றியது. அவருக்கு அது சுவர். அவ்வளவுதான்.

"சரி பண்றேங்க. நானே போய்ப் பண்றேன். கீழ என் பேரு இருக்கும்."

"எழுதிக்கங்க. யார் வேணாம்னா?"

ஜீப் போனதும் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மலைக்குப் போறியா? அப்ப என்னை யார் பார்ப்பாங்க?"

"மாரியப்பன் பார்ப்பான்."

மாரியப்பன் நிமிர்ந்தான். "நானா? பாயம்மா, எனக்குக் கடை..."

"நீ அச்சு வாங்கின. கையைத் தடவிக் குடுத்த. கூட்டுத் தொழில்னா எல்லாத்துலயும் கூட்டு. இங்க வா, பீங்கான் வைக்கிறது எப்படின்னு காட்டறேன். முதல்ல முழங்காலை மடக்கி ஒருக்களிச்சுப் போடணும். மூக்கைப் பொத்தாதே, அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

அவள் மலைக்குப் போய் வந்த நாலு நாளும் மாரியப்பன் பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொள்ளாவிட்டால் அவன் எங்கெங்கே என்னென்ன அச்சு எடுத்தான் என்பது கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி வந்ததும் கவுஸ் பாஷாவின் முதுகைத்தான் முதலில் பார்த்தாள். தோல் கெடவில்லை. முரடனாக இருந்தாலும் சொன்னதைச் செய்திருந்தான்.

ஆனால் போவதற்கு முந்திய சாயங்காலம் ஒரு வேலை செய்திருந்தாள். பிலிமை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து மாதம்மாள் முன்னால் விரித்து, மூன்று வருஷம் முன்பு கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

"உன் மூஞ்சியை வைக்கட்டுமா, வேற மூஞ்சி போடட்டுமா?"

மாதம்மாள் ரொம்ப நேரம் பார்த்தாள். "வை. கையி சரியா இருந்தா எனக்கென்ன. ஆனா மச்சத்தை எடுத்துடு, அது எனக்குப் புடிக்காது. மூக்குத்திக்கு ஒத்தக்கல்லு வேணாம், ஏழுகல்லா போட்டுக் குடு. எங்க வூட்டுக்காரரு வாங்கித் தர்றேன்னு சொல்லி ஏமாத்தினது."

மச்சத்தின் துளையை ஒட்டி அடைத்தாள். மூக்குத்தியைச் சுற்றி ஊசியால் குத்தினாள். அதற்குப் பிறகு பிளேடை எடுத்துத் தாயின் சேலைக் கரை ஓடும் இடத்தில், கரைக்குப் பதிலாக, 'ரோஷன் பீ' 'ரோஷன் பீ' என்று எழுத்தெழுத்தாக வெட்டினாள். அந்தப் பெயர்தான் கரை. மறைத்தால் சேலைக்குக் கரை இருக்காது. அரைகுறையாகக் கட்டியவள்போலத் தெரிவாள். பிலிமைத் திருப்பிப் போட்டால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழுந்து, அச்சு திருட்டு என்று சுவரே சொல்லும்.

சித்தேரியில் சாணியைக் கழுவி, சுண்ணாம்படித்து, அதன்மேல் வரைந்தாள். ஏழுகல் மூக்குத்தியைப் பார்க்க மாதம்மாளின் மாமியார்கூட வந்து நின்றாள். வந்தவர்களிடம் மாதம்மாள்தான் படத்தைக் காட்டி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பாதிப் பேர் கேட்டார்கள்.

மழைக்காலம் வந்தபோது வத்தல்மலைக்குப் படம் வேண்டும் என்று கேட்டு வந்தது. மாரியப்பனுக்கு வெட்கம் என்பது நீடித்து நிற்கிற சமாச்சாரம் இல்லை. மறுபடி பன்னோடு வந்தான்.

"பாயம்மா, அந்த அச்சு..."

"ஆணியில இருக்கு. எடுத்துட்டுப் போ."

அவன் சந்தேகமாக எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துக் கரையைப் படித்தான். திருப்பிப் பிடித்துப் பார்த்தான். மறுபடி திருப்பினான். பெயர் எந்தப் பக்கமும் போகவில்லை. எடுத்த ஆணியிலேயே மாட்டினான்.

"வேற வேலை இருக்குதுங்க" என்று போய்விட்டான். பன்னை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கவுஸ் பாஷா தொண்டையைச் செருமினார். சித்தேரிப் படம் நன்றாக இருக்கிறதாமே என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்தே அவருக்கு மூளை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ரோஷன். கரையிலதான் இடம் இருக்குதே. ஓரமா எம் பேரையும் ஒண்ணு வெட்டேன். ஆரம்பத்துல யோசனை என்னுதுதானே."

அவரைப் புரட்டிப் போடும் நேரமாகியிருந்தது. முழங்காலை மடக்கி, தோளில் கை கொடுத்து, வழக்கம்போல ஒரே தள்ளில் சுவர்ப்பக்கமாகத் திருப்பினாள்.

"உங்க எலும்பு இருக்குதுங்களே" என்றாள். "போதாதா?"